ஆயில் குடிக்கும் பழைய பிக்கப்: டர்போவா, ரிங்கா, வேறு ஏதாவதா?

கேள்வி: 2014 மாடல் டீசல் பிக்கப்பை செகண்ட் ஹேண்டில் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. மீட்டர் 1,80,000 கி.மீ. காட்டுகிறது. பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் லோடு ஏற்றுகிறேன். 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் குறைகிறது. நிறுத்திய இடத்தில் சொட்டு எதுவும் இல்லை. லோடோடு மேடு ஏறும்போது கொஞ்சம் நீலப் புகை வருகிறது. டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) போய்விட்டது என்கிறார் ஒரு மெக்கானிக். என்ஜினை இறக்கி பிஸ்டன் ரிங் போட வேண்டும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் செய்ய வேண்டாம். இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், இரண்டுமே தவறாகவும் இருக்கலாம். ஆயில் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் பாகம் மாற்றினால் செலவுதான் மிஞ்சும்.

முதலில் குறைகிற அளவு உண்மைதானா என்று பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, சூடான என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஆயில் கேஜ் குச்சியைப் பார்க்க வேண்டும். 'மேக்ஸ்' கோடு வரை ஊற்றி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 கி.மீ. ஓடியதும் அதே இடத்தில், அதே முறையில் பார்த்து, மறுபடி 'மேக்ஸ்' வர எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்று அளவுக் குவளையில் அளந்து எழுதுங்கள். 'மேக்ஸ்' தாண்டி ஊற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அளவு மீறினால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கி பிரீதர் (என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் குழாய்) வழியே தள்ளிவிடும். அதைப் பார்த்து "குறைகிறதே" என்று இன்னும் ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். நல்ல நிலையில் உள்ள டீசல் என்ஜின் 1,000 கி.மீ.க்கு 200, 300 மி.லி.க்கு மேல் கேட்காது. ஒரு லிட்டர் என்பது நிச்சயம் கோளாறுதான்.

நிறுத்திய இடத்தில் சொட்டு இல்லை என்பதால் ஒழுக்கே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஆயில் பிரஷர் இருக்கும்போது மட்டும் ஒழுகும் இடங்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 சொட்டு ஏறக்குறைய ஒரு மி.லி. சராசரி 40 கி.மீ. வேகத்தில் 1,000 கி.மீ. ஓட 25 மணி நேரம். நான்கு விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தாலே 22,500 சொட்டு, அதாவது ஒரு லிட்டருக்கு மேல். எனவே என்ஜினை நன்றாக வாட்டர் வாஷ் செய்து காயவிட்டு, சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடர் தூவி, 50 கி.மீ. லோடோடு ஓட்டிவிட்டு லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். டாப்பெட் கவர் பேக்கிங், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஃபில்டர் அடிவாரம், முன் கிராங்க் சீல், கியர்பாக்ஸ் சேரும் இடத்தின் அடிப்பகுதி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்ன இடத்தில் ஈரம் இருந்தால் பின் கிராங்க் சீல். அது கசிந்தால் கிளட்ச்சும் சீக்கிரம் வழுக்கும்.

பலர் பார்க்காத இடம் பிரேக் வேக்குவம் பம்ப். பல டீசல் வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் ஒட்டியிருக்கும், என்ஜின் ஆயிலில்தான் ஓடும். அதன் சீல் போனால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் போகும். செக் வால்வு கெட்டால் பிரேக் பூஸ்டருக்குள் (பிரேக் மிதியை லேசாக்கும் பாகம்) ஏறும். பூஸ்டர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் பிசுக்கு இருந்தால் இது வெறும் ஆயில் கணக்கு இல்லை, பிரேக் விஷயம். உடனே சரிசெய்யுங்கள். ரேடியேட்டர் தண்ணீரில் ஆயில் படலம் தெரிந்தால் ஆயில் கூலரைச் சோதிக்க வேண்டும்.

வெளியே ஒழுக்கு இல்லையென்றால் ஆயில் எரிகிறது. இங்கேதான் பெரும்பாலான பட்டறைகள் தடம் மாறுகின்றன.

டர்போவின் ஷாஃப்டில் இருக்கும் சீல் ரப்பர் இல்லை. பிஸ்டன் ரிங் போன்ற சின்ன உலோக வளையம். இரு பக்கமும் அழுத்தம் சரியாக இருந்தால்தான் அது ஆயிலைத் தடுக்கும். டர்போவுக்குள் பிரஷரோடு வரும் ஆயில், வேலை முடிந்ததும் தன் எடையால் மட்டுமே கீழே சம்பில் (என்ஜினின் அடி ஆயில் தொட்டி) வடிய வேண்டும். சம்பில் அழுத்தம் ஏறியிருந்தால் வடிய முடியாமல் டர்போவுக்குள் தேங்கி, சீலைத் தாண்டி, டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதே கதைதான்: அந்தப் பக்கம் உறிஞ்சும் இழுவை கூடி, சீல் வழியாகவும் பிரீதர் வழியாகவும் ஆயிலை இழுக்கும். அதனால் புது டர்போ போட்ட சில மாதத்தில் மறுபடி ஆயில் அடிக்கிறது என்றால் டர்போவைக் குறை சொல்லக் கூடாது.

எனவே முதல் வேலை மலிவான வேலை. புது ஏர் ஃபில்டர் போடுங்கள். ஃபில்டரிலிருந்து டர்போ வரை உள்ள ஹோஸில் விரிசலோ தளர்ந்த கிளிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸின் உட்பக்கம் வெள்ளைத் துணியால் துடைத்து மண் வந்தால், அந்தத் தூசி ரிங்கையும் போரையும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மண் சாலையில் ஓடிய வண்டியில் இது மிகச் சாதாரணம். அடுத்து பிரீதரைக் கழற்றி, பைப்பையும் ஆயில் பிரிக்கும் பகுதியையும் கெரசினில் கழுவி ஊதிப் பாருங்கள். உள்ளே ரப்பர் டயாஃப்ரம் இருந்தால் அதைக் கெரசினில் நனைக்காதீர்கள், கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

பேக் கம்ப்ரஷன் (சிலிண்டர் காற்று ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குவது) பார்க்க ஆயில் ஊற்றும் மூடியைத் திருகாமல் மேலே வைத்து அது ஆடுகிறதா என்று பார்ப்பது வழக்கம். அந்தச் சோதனையை நம்பி என்ஜினைப் பிரிக்காதீர்கள். சில என்ஜின்களில் கேம் சுழலும் காற்றே மூடியை ஆட்டும். இதைவிட நம்பகமானது, பழைய மூடி ஒன்றில் துளையிட்டு நிப்பிள் பொருத்தி, யு வடிவில் வளைத்த தெளிவான ட்யூபில் பாதி தண்ணீர் ஊற்றி இணைப்பது. என்ஜின் சூடானதும் ஐடிலிலும் 2,500 ஆர்பிஎம்மிலும் தண்ணீர் மட்டம் எவ்வளவு விலகுகிறது என்று ஸ்கேல் வைத்து அளங்கள். பிறகு பிரீதர் ஹோஸை டாப்பெட் கவரிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். கழற்றியதும் அழுத்தம் இறங்கினால் குற்றவாளி பிரீதர் பாதை. கழற்றிய பிறகும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்தால் சிலிண்டரிலிருந்து காற்று கீழே இறங்குகிறது.

டர்போவைப் பார்க்க இன்லெட் ஹோஸைக் கழற்றி ஷாஃப்டை விரலால் அசையுங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம், பிளேடு ஹவுசிங்கில் உரசக் கூடாது. முன்னும் பின்னுமாக ஆட்டம் கையில் தெரியவே கூடாது. டர்போவிலிருந்து சம்புக்கு வரும் ரிட்டர்ன் பைப்பில் கரியோ, பேக்கிங்கில் பிதுங்கிய சிலிக்கானோ அடைத்திருக்கலாம், அதையும் பாருங்கள். இன்டர்கூலரின் அடி ஹோஸில் மெல்லிய ஆயில் படலம் சகஜம். சாய்த்தால் வழிகிற அளவு இருந்தால் கழற்றி முழுக்க வடித்துக் கழுவ வேண்டும். தேங்கிய ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு டீசல் என்ஜின் தறிகெட்டு ஓட ஆரம்பித்தால் சாவியை அணைத்தாலும் நிற்காது. அப்படி நடந்தால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, டாப் கியர் போட்டு, கிளட்சை விட்டு அணையுங்கள். இன்டேக்கில் கை வைக்காதீர்கள்.

புகை எப்போது வருகிறது என்பதும் ஒரு தடயம். சில நிமிடம் ஐடிலில் விட்டு ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் நீலமாக வந்தால் வால்வு சீல் அல்லது டர்போ. லோடில் தொடர்ந்து வந்தால் ரிங் அல்லது டர்போ. பெட்ரோல் என்ஜின் அளவுக்கு டீசலில் இன்டேக் உறிஞ்சல் கிடையாது. ஆகவே 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டரை வால்வு சீல் மட்டும் குடிப்பது அரிது. சீல் மட்டும் மாற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஆயில் குறைந்தால் கம்ப்ரஷன் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தம்) எடுங்கள். தனி எண்ணைவிட சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் முக்கியம். 3, 4 பாருக்கு மேல் வித்தியாசம் கூடாது. பெட்ரோல் என்ஜினில் செய்வதுபோல சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றி மறுபடி அளப்பது டீசலுக்கு ஆகாது. எரியும் அறை மிகச் சிறியது என்பதால் அளவு பொய்யாக ஏறும், ஆயில் கூடினால் கனெக்டிங் ராடே வளையும். அதற்குப் பதில் பிஸ்டனைக் கம்ப்ரஷனில் மேலே நிறுத்தி, கியர் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, குளோ பிளக் துளையில் காற்று ஏற்றிக் கேளுங்கள். ஆயில் மூடியில் சீறினால் ரிங் அல்லது போர். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

கம்ப்ரஷன் அருமையாக இருந்தும் ஆயில் குடிக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். கம்ப்ரஷனைப் பிடிப்பது மேல் ரிங்குகள். ஆயிலை வழிப்பது கீழே உள்ள ஆயில் ரிங். ஆயில் மாற்றத் தாமதித்த வண்டியில் அதன் வடிதுளைகள் கரியால் அடைத்து ரிங் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் வண்டியின் பழைய உரிமையாளர் எப்போது ஆயில் மாற்றினார் என்று யாருக்குத் தெரியும்? இந்தச் சந்தேகம் இருந்தால், கையேட்டில் சொன்ன நல்ல 15 டபிள்யூ 40 டீசல் ஆயிலை ஃபில்டரோடு 3,000 கி.மீ. இடைவெளியில் இரண்டு முறை மாற்றி அளந்து பாருங்கள். சில சமயம் பாதி குறைகிறது. கெட்டி ஆயிலும் 'ஆயில் நிறுத்தும்' மருந்தும் விற்பதற்கு முன் போடுகிற முகப்பூச்சு. நீங்கள் வாங்கியபோதும் அப்படி இருந்திருக்கலாம்.

பிரித்தே ஆக வேண்டுமென்றால், ரிங் மட்டும் போட்டு மூடுவதற்கு முன் போர் டயல் கேஜில் மேல், நடு, கீழ் என மூன்று ஆழத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். தேய்மானமோ ஓவல் வடிவமோ 0.10 மி.மீ. தாண்டினால் புது ரிங் உட்காராது. லேத் பட்டறையில் போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன், அல்லது புது லைனர்தான். ரிங் பள்ளத்தின் இடைவெளியையும் பார்க்க வேண்டும். பள்ளம் தேய்ந்த பழைய பிஸ்டனில் புது ரிங் போட்டால் அது ஆயிலை மேலே பம்ப் செய்யும். ஹோனிங் (போரைக் கல்லால் தேய்ப்பது) முடிந்ததும் போரை வெந்நீரும் சோப்பும் கொண்டு, துடைத்தால் வெள்ளைத் துணி கறுக்காத நிலை வரும்வரை கழுவ வேண்டும். டீசலில் கழுவினால் கல் தூள் போகாது. ரிங்கில் 'டாப்' என்ற எழுத்து மேல்பக்கம் இருக்க வேண்டும், ரிங்குகளின் திறந்த வாய்கள் ஒன்றுக்கொன்று 120 டிகிரி விலகியிருக்க வேண்டும்.

மூடிய பிறகு "ரன்னிங் இன்" என்று நாள் முழுக்க ஐடிலில் ஓடவிடும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அதுதான் புது போரைக் கண்ணாடி போலாக்கி ரிங்கை உட்காரவிடாமல் செய்கிறது. சூடானதும் மிதமான லோடோடு வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். 1,000 கி.மீ.யில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். முதல் இரண்டாயிரம், மூவாயிரம் கி.மீ. கொஞ்சம் ஆயில் குறையும், பதற வேண்டாம். அதன் பிறகு முன்பு அளந்த அதே இடத்தில் நிறுத்தி மறுபடி அளங்கள்.