உப்புக் காற்றில் பூத்துப்போகும் அலாய் வீல்கள்: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: என் காருக்கு ஒன்பது வயதாகிறது. வீடு கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அலாய் வீல்கள் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்து, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. சென்ற ஆண்டு நானே எமரி பேப்பரால் தேய்த்து, கேனில் வரும் சில்வர் ஸ்பிரே அடித்தேன். ஆறே மாதத்தில் உரிந்துவிட்டது. ஒரு டயரில் வாரந்தோறும் காற்று இறங்குகிறது, பஞ்சர் இல்லை என்கிறார்கள். இம்முறை எப்படிச் செய்தால் நிலைக்கும்?
வாசகர், தூத்துக்குடி

பதில்: அடியில் மிச்சமிருந்த அரிப்புதான் உங்கள் பெயிண்டைத் தள்ளிவிட்டிருக்கிறது. அலாய் வீலின் முக்கிய உலோகமான அலுமினியம், காற்றுப் பட்டவுடன் மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும் உலோகம். ஆனால் கடல் உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். கல் தெறித்து, நிறத்துக்கு மேலே பூசும் கண்ணாடி போன்ற கிளியர் கோட்டில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அதன் வழியே உப்பும் ஈரமும் புகுந்து, பெயிண்டுக்கு அடியில் கரையான் தடம்போல நெளிநெளியாக அரித்துக்கொண்டே போகும். முகப்பைக் கடைந்து பளபளப்பாக்கி, மேலே கிளியர் மட்டும் பூசிய இருநிற வீல்களில் இது இன்னும் சீக்கிரம் வரும்.

முதலில் டயரைக் கழற்றிவிடுங்கள். ரிம்மில் டயர் உட்காரும் விளிம்பு பூத்துச் சொரசொரப்பாகியிருந்தால் காற்று அந்த வழியாகவே கசியும்; சோப்பு நீர் தடவிப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். வெறும் ரிம்மைச் சுற்றிலும் உற்றுப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அந்த வீலுக்கு வெல்டிங்கும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அடுத்து, கொப்புளத்தோடு நிறுத்தாமல், நன்றாக ஒட்டியிருப்பதுபோல் தோன்றும் பெயிண்டின் விளிம்பையும் மழுங்கிய கத்தியால் நெம்பிப் பாருங்கள். எழும்பும் வரை எடுங்கள். 80 நம்பர் பேப்பரில் தொடங்கி 180, 320 என்று நைசான பேப்பருக்குப் போங்கள். தேய்த்த இடம் வெள்ளியாய் மின்னும்போது வேலை முடிந்ததென்று தோன்றும், ஆனால் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் ஊசிமுனை அளவில் கறுத்த குழிகள் தெரியும். அவை போகும்வரை தேய்ப்பதில்தான் இந்த வேலையின் ஆயுள் இருக்கிறது. இரும்புக் கம்பி பிரஷ்ஷைத் தொடவே வேண்டாம், அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து புதிய அரிப்பைத் தொடங்கிவைக்கும்.

எண்ணெய்ப் பசை போகக் கழுவியபின் தண்ணீர் ஊற்றுங்கள். நீர் ஒரே படலமாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாக ஒதுங்கினால் பிசுக்கு இன்னும் இருக்கிறது. நன்கு உலர்த்தி, கை படாமல், அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். கடலோர ஊருக்கு, பூச்சைக் கெட்டிப்படுத்தும் ஹார்டனர் கலந்த எபாக்சி பிரைமரையே நான் பரிந்துரைப்பேன். பட்டி தேவைப்பட்டால் அதன்மேல் போடலாம். பின்னர் நிறத்தை மெல்லிய பூச்சுகளாக அடித்து, ஹார்டனர் கலந்த கிளியர் கோட்டால் மூடவேண்டும். இந்தக் கிளியரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவையே வரவழைக்கக்கூடியது, துணி முகக்கவசம் அதைத் தடுக்காது என்பதால், அந்த ஒரு கட்டத்தை மட்டுமாவது உரிய சாதனங்கள் உள்ள பெயிண்டரிடம் விட்டுவிடுமாறு வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களைத் தவிருங்கள். ஈரக் காற்றில் பூச்சு வெளுத்துப்போகும்.

காரில் வீல் மாட்டப்படும் ஹப்போடு ஒட்டும் பின்முகத்திலும், நட் உட்காரும் குழிகளிலும் பெயிண்ட் படக்கூடாது, மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். அங்கே பூச்சு இருந்தால் ஓட்டத்தில் நசுங்கி, நட்டின் இறுக்கம் தளரும். கார் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, சுமார் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபாருங்கள். பேலன்சிங் செய்யும்போது விளிம்பில் அடிக்கும் கிளிப் வெயிட் வேண்டாமென்று சொல்லி, உட்புறம் ஒட்டும் வெயிட்டைக் கேளுங்கள். கிளிப் கீறிய இடத்திலிருந்துதான் அடுத்த கொப்புளம் கிளம்பும்.

கேள்வி: பிரேக் தூசியைப் போக்க டைல்ஸ் கழுவும் ஆசிட்டைப் பயன்படுத்தலாமா?
வாசகி, நாகப்பட்டினம்

பதில்: கூடவே கூடாது. அந்த வகை ஆசிட்டுகள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது அலுமினியத்தையே தின்றுவிடும். காஸ்டிக் சோடாவும் அப்படித்தான். வீல் ஆறியபின் கார் ஷாம்பு கலந்த நீரால் மென்மையான பிரஷ் கொண்டு வாரம் ஒருமுறை கழுவுங்கள். உப்பு அதிகம் தங்குவது உள்பக்கம் என்பதால், ஸ்போக்குகளின் பின்புறத்தையும் மறக்காமல் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.