பூட்டிய அலுமாரியும் 40 நிமிடமும்

கேள்வி: ஹட்டன் பகுதிப் பாடசாலை ஒன்றில் உயர்தரம் படிக்கிறேன், மாணவ நூலகராகவும் இருக்கிறேன். ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்காக, நூலகப் பிரச்சினைகள் பற்றிச் சக மாணவர்களுக்கு ஒரு பாடவேளை செயலமர்வு நடத்தும்படி ஆசிரியர் சொல்லியிருக்கிறார். எப்படித் தொடங்குவது?

பதில்: அன்புத் தங்கைக்கு, 40 நிமிடத்தில் ஒரு பிரச்சினையைத்தான் உருப்படியாகப் பேச முடியும். நூலக வரலாற்றில் தொடங்கினால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். ‘நாம் ஏன் புத்தகம் இரவல் எடுப்பதில்லை?’ என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காரணங்களை நீங்கள் அடுக்க வேண்டாம். ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். புத்தகம் தொலைந்தால் பணம் கட்ட வேண்டுமே என்ற பயத்தை எந்தப் பிள்ளையும் எல்லார் முன்னாலும் சொல்லாது. ஒழுகுகிற லயக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில், புத்தகத்தை நனையாமல் எங்கே வைப்பது என்ற கவலையும் அப்படித்தான். 1.30க்குப் பாடசாலை விட்டதும் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களுக்கு, அதற்குப் பிறகு திறக்கும் நூலகத்தால் என்ன பயன்? தாள்களைக் கலந்து, நீங்களே உரக்க வாசியுங்கள். வேறொருவர் வாசித்தால் கையெழுத்தை அடையாளம் கண்டுவிடுவார்.

அடுத்து, நூலகப் புத்தகங்களைப் பூட்டி வைத்திருக்கும் அலுமாரி. அதன் சாவியை வைத்திருக்கும் ஆசிரியரைக் குறை சொல்லாதீர்கள். கணக்கெடுப்பில் புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவரிடமே கேட்டு, நெடுநாள் யாரும் தொடாத புத்தகம் ஒன்றை எடுத்து வாருங்கள். பக்க ஓரங்களில் பழுப்புப் புள்ளிகள் இருக்கும், மக்கிய வாடை அடிக்கும். எல்லாரும் கையில் வாங்கிப் பார்க்கட்டும். காற்றுப் புகாத அலுமாரிக்குள் நம் மலைநாட்டு ஈரம் தங்கிவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத்தான் செய்யும். பாதுகாப்பதற்காகப் பூட்டி வைத்த புத்தகம் உள்ளேயே கெட்டுப்போகிறது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அதை இந்த இடத்தில் சொல்லுங்கள், மனதில் பதியும்.

‘எல்லாம் போனில் இருக்கிறதே’ என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ‘நூலகம்’ இணையத்தளம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இலவசமாக வாசிக்கத் தருகிறது. அதைச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் சிக்னல் கிடைக்காத தோட்டங்களும், வீட்டுக்கே ஒரு போன் உள்ள குடும்பங்களும் இருக்கின்றன.

கடைசிப் பத்து நிமிடத்தில் அதிபருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இடைவேளையில் நூலகத்தைத் திறக்க வேண்டும், மழையில் நனைந்த புத்தகத்துக்குப் பணம் கேட்கக் கூடாது: இந்த இரண்டு கோரிக்கைகள் போதும். இடைவேளையில் யார் யார் முறை வைத்து நூலகத்தில் இருப்பார்கள் என்ற பெயர்ப் பட்டியலையும் சேர்த்து, அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். பொறுப்பேற்க ஆள் இருப்பது தெரிந்தால் அதிபருக்கும் சம்மதிப்பது எளிது.