ஊட்டி குளிரில் வேனுக்குள் கரி அடுப்பு வேண்டாம்

ஜனவரியில் ஊட்டியில் வேனுக்குள் தூங்க, 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ரூம் ஹீட்டர் ஓடுமா, இல்லையென்றால் கரி அடுப்பு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கரியை உள்ளே கொண்டுபோகவே வேண்டாம். புகை அடங்கிய கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் ஆபத்துதான்.

சரி, பேட்டரி கணக்கு. 12 வோல்ட் என்றால் மொத்தம் 1200 வாட்-அவர், லெட் ஆசிட் என்றால் பாதிதான் எடுக்கலாம். அந்தப் பாதியில் 1000 வாட் ஹீட்டர் சுமார் அரைமணி நேரம்தான் ஓடும். 12 வோல்ட்டிலேயே ஓடும் 50 வாட் மின்போர்வை 8 மணி நேரத்துக்கு 400 வாட்-அவர்தான் எடுக்கும். லித்தியம் பேட்டரியா? உறைபனி விழும் காலையில் உடனே சார்ஜ் போடாதீர்கள், வெயில் ஏறட்டும்.