கரையிலிருந்து ஸ்கூபாவா, ஸ்நார்க்கலிங் போதுமா?

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். நான், மனைவி, 9 வயது மகள், 61 வயது அம்மா. ஹேவ்லாக் தீவில் இரண்டு இரவு. டிராவல்ஸ்காரர் மூன்று விதமாகச் சொல்கிறார்: எலிஃபண்ட் பீச் போட் டிக்கெட்டோடு ஸ்நார்க்கலிங் (குழாய் வழியே மூச்சு விட்டு, மேலே மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது) ‘ஃப்ரீ’, கரையிலிருந்து இறங்கும் ஸ்கூபா (முதுகில் காற்று சிலிண்டரோடு நீருக்கடியில் போவது) தலைக்கு 4,000 ரூபாய், போட்டில் போய் இறங்கும் ஸ்கூபா 6,500. எங்கள் யாருக்கும் நீச்சல் தெரியாது. போட் டைவ்தான் நிஜமான ஸ்கூபா, கரை டைவ் எல்லாம் சும்மா என்கிறார். எதற்குப் பணம் கட்டலாம்?
— திருப்பூர் வாசகர்

பதில்: முதலில் ஆளைக் குறைத்துவிடலாம். பெரும்பாலான டைவ் சென்டர்கள் பின்பற்றும், பேடி என்ற சர்வதேச டைவிங் பயிற்சி அமைப்பின் விதிப்படி, கடலில் அறிமுக டைவ் செய்ய 10 வயது ஆகியிருக்க வேண்டும். ஆகவே மகளுக்கு இந்த முறை இல்லை. "ஒன்பதரைதானே, பத்துன்னு எழுதிடலாம்" என்று யாராவது சொன்னால் அந்த சென்டரை விட்டு நகர்ந்துவிடுங்கள். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை இருக்கிறதா? தண்ணீரில் இறங்கும் முன் கொடுக்கும் மருத்துவப் படிவத்தில் ரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது அறுவை சிகிச்சை என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் டாக்டர் கையெழுத்து வேண்டும். அதை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். கடற்கரையில் நின்றுகொண்டு எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடிப்பவர்கள்தான் அதிகம். அந்தப் பொய்யால் சென்டர்காரருக்கு ஒன்றும் ஆகாது, உங்களுக்குத்தான் ஆகும்.

மீதி இருப்பது நீங்களும் உங்கள் மனைவியும். போட் டைவுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் 2,500 ரூபாய் பெரும்பாலும் படகுக்கும் டீசலுக்கும் ஆள் கூலிக்கும் போகிறது. படகில் போனால் கரைக்கு எட்டாத பாறைகளைப் பார்க்கலாம், தண்ணீர் தெளிவாக இருக்க வாய்ப்பும் அதிகம். ஏற்கெனவே டைவ் செய்தவருக்கு அது நல்ல செலவு. முதல் முறை இறங்குபவருக்கு, அதுவும் நீச்சல் தெரியாதவருக்கு, நான் கரையைத்தான் சொல்வேன். காரணம் எளிது: கரை டைவில் பயிற்சி இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் நடக்கும். பயம் வந்தால் எழுந்து நின்றுவிடலாம். படகிலிருந்து இறங்கும்போது காலுக்குக் கீழே தரை இருக்காது. அதோடு படகு ஆட்டத்தில் வாந்தி வந்தால் காசும் போச்சு, காலையும் போச்சு.

ஹேவ்லாக்கில் இதற்குப் பேர்போன இடம் நீமோ ரீஃப். (தீவின் இன்றைய பெயர் ஸ்வராஜ் த்வீப், 2018 முதல் அதுதான். ஆனாலும் டிக்கெட் எடுப்பவரும் விற்பவரும் ஹேவ்லாக் என்றே பேசுகிறார்கள்.) மணல் மெல்ல மெல்ல ஆழமாகும் கரை அது. இன்ஸ்ட்ரக்டர் உங்களுக்குப் பின்னால் இருந்து சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு, மிதப்பதையும் அமிழ்வதையும் அவரே பார்த்துக்கொள்வார். உங்கள் வேலை இரண்டுதான்: வாயால் சீராக மூச்சு விடுவது, காது அடைத்தால் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுவது. அதனால்தான் நீச்சல் தெரியாதவரையும் கூட்டிப்போக முடிகிறது. அறிமுக டைவுக்கு உச்சவரம்பு 12 மீட்டர். கரையில் அவ்வளவு ஆழம் போக மாட்டார்கள், தேவையும் இல்லை. கோமாளி மீன் வசிக்கும் கடல் சாமந்தி நாலைந்து மீட்டரிலேயே கிடைக்கும். ஸ்நார்க்கலிங்கில் அதை மேலிருந்து பார்ப்பீர்கள். ஸ்கூபாவில் அதன் முகத்துக்கு நேராக ஒரு நிமிடம் நிற்கலாம். மீனும் உங்களைத் துரத்தப் பார்க்கும். 4,000 ரூபாய்க்கு நீங்கள் வாங்குவது அந்த ஒரு நிமிடத்தையும், பக்கத்தில் ஒரு ஆளின் முழு கவனத்தையும்தான்.

ஆகவே அந்தக் கவனத்தைப் பற்றித்தான் விசாரிக்க வேண்டும். ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர்? ஒருவருக்கு ஒருவர் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். "ஒன்றரை மணி நேரம்" என்பார்கள். அதில் வெட்சூட் மாட்டுவதும் படிவம் நிரப்புவதும் பயிற்சியும் சேர்த்தி. தண்ணீருக்கு அடியில் எத்தனை நிமிடம் என்று தனியாகக் கேளுங்கள். அப்புறம், நேரம். கரை டைவ் கடல் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது. கடல் வற்றிய நேரத்தில் போனால் பத்து கிலோவுக்கு மேல் முதுகில் சுமந்துகொண்டு கல்லும் பாறையுமாக நடக்க வேண்டும். மணல் கிளம்பி ஒன்றும் தெரியாது. டைவ் சென்டர் காலை ஆறரைக்கு வரச் சொன்னால் வாருங்கள். பேக்கேஜில் 11 மணி என்று போட்டிருக்கிறது என்று சண்டை போடாதீர்கள்.

இப்போது அந்த ‘ஃப்ரீ’ ஸ்நார்க்கலிங். பெரும்பாலும் நடப்பது இதுதான்: லைஃப் ஜாக்கெட்டும் ரப்பர் டியூபும் கொடுத்து, ஒருவர் டியூபை இழுத்துக்கொண்டு ஒரு சுற்று போய்விட்டுக் கரையில் விடுவார். பத்து நிமிடம் இருந்தால் பெரிது. மாஸ்க்கில் தண்ணீர் புகுந்து அதைச் சரிசெய்வதிலேயே பாதி போய்விடும். கூடுதல் பணம் கட்டி அரை மணி, முக்கால் மணி எடுத்துக்கொண்டால் அது வேறு அனுபவம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மகளுக்கும் அதையே எடுப்பேன். அம்மாவுக்குக் கண்ணாடித்தரைப் படகு. ஸ்நார்க்கலிங் என்றால் வயதானவர்களுக்கு லேசானது என்று நினைக்காதீர்கள். அலையில் குழாய் வழியே மூச்சு விடுவது இதயத்துக்கு வேலைதான்.

பவளப்பாறை பற்றி ஒன்று. விளம்பரப் படத்தில் இருக்கும் வண்ணத்தை எதிர்பார்க்காதீர்கள். 2010-இல் கடல் சூடேறி அந்தமானின் ஆழமில்லாத பாறைகளில் பவளம் பெருமளவில் வெளுத்துச் செத்தது. பிறகும் வெப்ப அலைகள் வந்தன. சில இடத்தில் உயிர் திரும்பியிருக்கிறது, சில இடத்தில் சாம்பல் நிறக் கல்தான். மீன்களுக்குக் குறைவில்லை.

கடைசியாக, உங்கள் விமானம். ஒரு டைவ் செய்தால் 12 மணி நேரமும், பல டைவ் செய்தால் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்பது டைவர்களுக்கான பாதுகாப்பு அமைப்பான டேன் தரும் வழிகாட்டுதல். நீருக்கடியில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அந்த நேரம் வேண்டும். ஹேவ்லாக்கில் முதல் நாள் காலை இறங்கி, மறுநாள் படகேறினால் பிரச்சினை இல்லை. பல பேக்கேஜ்களில் ஊர் திரும்பும் நாள் காலையில் போர்ட் பிளேரில் "நார்த் பே ஸ்கூபா" என்று செருகியிருப்பார்கள். (பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்பக்கக் காட்சி அந்தப் பக்கத்துக் கடல்தான்.) மதியம் சென்னை விமானம் என்றால் அந்த ஸ்கூபாவை நீக்கிவிடச் சொல்லுங்கள். அன்று ஸ்நார்க்கலிங் செய்யலாம், தடையில்லை.

இரண்டு சின்ன விஷயம். ஸ்நார்க்கலிங்கில் மூச்சைப் பிடித்து முங்கலாம். ஸ்கூபாவில் மூச்சைப் பிடிக்கவே கூடாது. பத்து மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து கிழித்துவிடும். அப்புறம், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் தண்ணீருக்கு அடியில் ‘சூப்பர்’ என்று அர்த்தமில்லை, ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம். உற்சாகத்தில் கேமராவுக்குக் கட்டைவிரல் காட்டி, ஐந்தாவது நிமிடத்தில் மேலே கொண்டுவரப்பட்டவர்கள் உண்டு.

கேள்வி: முகம் முழுக்க மூடும் ஸ்நார்க்கல் மாஸ்க் ஆன்லைனில் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கிக்கொண்டு போய் ராதாநகர் பீச்சில் நாங்களே ஸ்நார்க்கலிங் செய்தால் செலவு மிச்சம் இல்லையா?
— சேலம் வாசகி

பதில்: அந்த மாஸ்க்கை நான் வாங்க மாட்டேன். மலிவானவற்றில் விட்ட மூச்சுக் காற்று உள்ளேயே தங்கித் திரும்ப அதையே இழுக்க நேரும். தண்ணீர் புகுந்தால் சட்டென்று கழற்றுவதும் கஷ்டம். மூக்கைப் பிடிக்க முடியாததால் முங்கவும் முடியாது. மூக்கையும் கண்ணையும் மட்டும் மூடும் சாதாரண மாஸ்க் நல்லது. கண்ணாடியில் ‘டெம்பர்டு’ என்று பொறித்திருக்க வேண்டும். விளிம்பு பிளாஸ்டிக் அல்ல, மெத்தென்ற சிலிக்கான். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. உங்கள் வீட்டுக்காரருக்கு மீசை இருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் கசியும், கொஞ்சம் வாஸ்லின் தடவினால் சமாளிக்கலாம். மூக்குக் கண்ணாடி போடுகிறவர் என்றால் மைனஸ் பவர் போட்ட மாஸ்க் கிடைக்கிறது. சொந்தமாக ஒன்று வாங்குவதென்றால் அதைத்தான் வாங்க வேண்டும். துடுப்புக் காலணியெல்லாம் வாடகைக்கே போதும்.

ராதாநகர் குளிக்க அருமையான கடற்கரை. ஆனால் அடியில் மணல்தான், பார்க்க ஒன்றுமில்லை. ஆள் இல்லாத ஓரம், ஓடை, சதுப்புநிலப் பக்கம் போகவே வேண்டாம். அந்தமானில் உப்புநீர் முதலை உண்டு. 2010-இல் ராதாநகரை ஒட்டிய ‘நீல்ஸ் கோவ்’ என்ற சிறு விரிகுடாவில் ஸ்நார்க்கலிங் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவர் முதலை தாக்கி இறந்தார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: கரையில் கிடக்கும் பவளத் துண்டை ஞாபகமாக எடுத்துவரலாமா?
— காரைக்குடி வாசகர்

பதில்: கூடாது. கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. செத்து ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் விமான நிலைய ஸ்கேனில் மாட்டும். சிப்பி வாங்கினால் ரசீதோடு கடையில் வாங்குங்கள்.

கேள்வி: மதுரையில் ஒரு டிராவல்ஸில் "ஸ்கூபா, ஸ்நார்க்கலிங் உட்பட" என்று பேக்கேஜ் எடுத்தோம். அங்கே போனதும் கடல் சரியில்லை என்று ஸ்கூபாவை ரத்து செய்தார்கள். பணம் கேட்டால் அந்தமான்காரரைக் கேளுங்கள் என்கிறார் டிராவல்ஸ்காரர். அந்தமான் போய் வழக்குப் போட முடியுமா?
— மதுரை வாசகர்

பதில்: போக வேண்டியதில்லை. கடல் மோசமாக இருந்தபோது ரத்து செய்தது சரியான முடிவு. அதற்காக நஷ்டஈடு கேட்டால் நிற்காது. ஆனால் கொடுக்காத சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவது வேறு விஷயம், அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பணம் வாங்கியவர் மதுரைக்காரர், பொறுப்பும் அவருடையது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல சமயம் அதிலேயே தீர்ந்துவிடும். பேக்கேஜ் விளம்பரம், பணம் அனுப்பிய விவரம், ரத்து செய்த அன்று வந்த செய்தி மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஸ்கூபாவுக்கு எவ்வளவு என்று பேக்கேஜில் தனியாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்களா பாருங்கள். இல்லையென்றால், தனியாக வாங்கினால் அதே டைவுக்கு என்ன விலை என்று அந்த சென்டரிடமே எழுத்தில் கேட்டு வாங்கி, அதைத் தொகையாகக் குறிப்பிடுங்கள்.