உதவி செய்த நாட்டுக்கு நன்றி வந்து சேருமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. பேரிடர் நேரத்தில் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குச் செய்யும் உதவியை நம்பலாமா, அதில் எவ்வளவு மனசு, எவ்வளவு அரசியல்? ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் நிவாரணக் கிடங்கில் வேலை பார்த்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

துருக்கியில் பூகம்பம் வந்தபோது 'ஆபரேஷன் தோஸ்த்' என்று விமானம் விமானமாக ஆட்களையும் மருந்தையும் அனுப்பினோம். 2025 மே மாதம் நமக்கும் பாகிஸ்தானுக்கும் சண்டை மூண்டதும் அவர்கள் பாகிஸ்தான் பக்கம் நின்றுவிட்டார்கள். செய்த உதவியெல்லாம் வீண்தானே அம்மா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2023 பிப்ரவரி 6, விடிவதற்கு முன். 7.8 அளவு நிலநடுக்கம். துருக்கியில் மட்டும் 50,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். மறுநாளே நம் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் மோப்ப நாய்களோடு அங்கே போய் இறங்கினார்கள். காசியான்டெப் மாகாணத்தில் இடிந்த கட்டடத்துக்குள்ளிருந்து ஒரு சிறுமியை உயிரோடு வெளியே எடுத்தார்கள். ஆக்ராவிலிருந்து போன ராணுவக் கள மருத்துவமனை இஸ்கெண்டெருன் நகரத்தில் ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் இயங்கியது. நசுங்கிய காலும் உடைந்த இடுப்புமாக வந்தவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்து, அறுவை சிகிச்சை செய்து அனுப்பினார்கள். 3,000 பேருக்கு மேல் அங்கே சிகிச்சை பெற்றார்கள்.

அந்தச் சிறுமியா அங்காராவில் உட்கார்ந்து வெளியுறவுக் கொள்கை வகுத்தாள்? உதவி போய்ச் சேர்ந்தது அவளுக்கு. பாகிஸ்தான் பக்கம் நின்றது ஓர் அரசு. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதாதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019-லிருந்தே துருக்கி அதிபர் எர்டோகன் ஐ.நா. பொதுச்சபையில் காஷ்மீரைப் பற்றிப் பேசி நம்மைச் சீண்டிக்கொண்டுதான் இருந்தார். டெல்லிக்கு அது தெரியாமலா விமானம் கிளம்பியது? தெரிந்தே போனோம். அந்த உதவியில் எனக்குப் பெருமை தருவதே அதுதான்.

உதவியால் பகை தணிந்த கதையும் அதே மண்ணில் நடந்திருக்கிறது. 1999 ஆகஸ்ட் 17-ல் துருக்கியின் இஸ்மித் பகுதியில் பூகம்பம். பரம்பரை எதிரி என்று சொல்லத்தக்க கிரேக்கத்திலிருந்து மீட்புக் குழு ஓடிவந்தது. அடுத்த மாதம் ஏதென்ஸ் குலுங்கியபோது துருக்கிக் குழு அங்கே போனது. அந்த ஆண்டு டிசம்பரில் ஹெல்சிங்கியில் நடந்த ஐரோப்பியத் தலைவர்கள் மாநாட்டில், துருக்கியை ஐரோப்பிய ஒன்றியத்தின் வேட்பாளர் நாடாக ஏற்பதற்குக் கிரேக்கம் போட்டு வந்த முட்டுக்கட்டை விலகியது. அதற்குப் பிறகும் அவர்களுக்குள் சண்டை தீர்ந்துவிடவில்லை. இருந்தும் 2023-ல் முதலில் வந்தவர்களில் கிரேக்கர்களும் உண்டு.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் வேறு. 2005 அக்டோபர் 8, காஷ்மீர் பூகம்பம். பாகிஸ்தான் பக்கத்தில் 73,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மலைச் சரிவு மொத்தமாக இறங்கிச் சாலைகளை மூடிவிட்டது. ஹெலிகாப்டரை விட்டால் பல கிராமங்களுக்கு வழியே இல்லை. குளிர்காலம் வேறு நெருங்குகிறது. இந்தியா ஹெலிகாப்டர் தருகிறேன் என்றது. பாகிஸ்தான், ஹெலிகாப்டர் வரட்டும், உங்கள் விமானிகள் வேண்டாம் என்றது. விமானி இல்லாமல் தர முடியாது என்றது இந்தியா. பேச்சு அங்கேயே நின்றது, ஒரு ஹெலிகாப்டரும் போகவில்லை. கூடாரமும் போர்வையும் மருந்தும் போயின, அதை மறுக்கவில்லை. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் ஐந்து இடங்களைத் திறக்க ஒப்புக்கொண்டு, முதல் வழி திறந்தபோது நவம்பர் 7. இரண்டு அரசுகளுக்கும் அவரவர் பாதுகாப்புக் காரணம் இருந்தது. மலை மேல் முதுகெலும்பு முறிந்து கிடந்தவருக்கு அந்தக் காரணங்களால் என்ன பயன்? துருக்கி நன்றி மறந்ததைவிட இதுதான் என்னைச் சுடுகிறது.

2004 சுனாமியின்போது வெளிநாட்டு உதவி வேண்டாம் என்றது இந்தியா. 2018 வெள்ளத்தில் கேரளத்துக்கு ஐக்கிய அரபு அமீரகம் தரவிருந்த 700 கோடியையும் மத்திய அரசு வேண்டாம் என்றது. இது தன்மானமா, வீம்பா?
– ஒரு கல்லூரி மாணவி, திருவாரூர்

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, மகளே.

2004 டிசம்பரில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பலி. உடல்களை எடுத்தவர்கள், முகாம் போட்டவர்கள், சமைத்துப் போட்டவர்கள் நம் ஆட்களே. அதே நாட்களில் நம் கடற்படைக் கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் நிவாரணத்தோடு போயின. உடனடி மீட்புக்கு எங்களால் முடியும் என்று அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் சொன்னது வெறும் பேச்சாக இருக்கவில்லை. வீடு கட்டும் கட்டம் வந்தபோது உலக வங்கியிடமும் ஆசிய வளர்ச்சி வங்கியிடமும் நிதி வாங்கினோம். அதையும் நான் குறையாகச் சொல்லவில்லை.

கேரள விஷயத்தில் முதலில் ஒரு திருத்தம். 700 கோடி என்ற தொகையைச் சொன்னவர் அன்றைய முதல்வர் பினராயி விஜயன். தொகை எதுவும் இன்னும் முடிவாகவில்லை என்று அமீரகத் தூதர் பின்னர் சொல்லிவிட்டார். ஆகவே 700 கோடி கைக்கு வந்து நழுவியது என்று எழுதுவது சரியில்லை. ஆனால் வெளிநாட்டு அரசுகளின் உதவியை ஏற்பதில்லை என்ற 2004 காலத்து வழக்கத்தைக் காட்டி மத்திய அரசு கதவை மூடியது எனக்குத் தவறாகவே படுகிறது. 2016-ல் வந்த தேசியப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில், ஒரு நாடு நல்லெண்ணத்தோடு தானாக முன்வந்து தந்தால் மத்திய அரசு ஏற்கலாம் என்று இடம் இருக்கிறது. வளைகுடாவைக் கட்டி எழுப்பியதில் மலையாளிகளின் வியர்வை எவ்வளவு! அந்த உறவில் வரும் பணத்தை வாங்குவதில் என்ன கௌரவக் குறைச்சல்? பிறகு கேரளம் உலக வங்கியிடம் கடன் வாங்கித்தான் சீரமைப்பைத் தொடங்கியது.

இந்த வீம்பு பணக்கார நாடுகளுக்கும் உண்டு. 2005-ல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது 1,586 மருத்துவர்களை அனுப்பத் தயார் என்றது கியூபா. அவர்கள் மருந்துப் பையோடு ஹவானாவில் காத்திருந்தார்கள். அமெரிக்கா கூப்பிடவே இல்லை. அதே அமெரிக்காவுக்கு, ஆழிப்பேரலையில் அடிபட்டு ஒன்பதாவது மாதத்தில் இருந்த இலங்கை 25,000 டாலர் கொடுத்தது. தொகை சிறிதுதான். எனக்கு அது மிகப் பெரிதாகத் தெரிகிறது.

வல்லரசுகள் கொடுப்பது தர்மமா, தூண்டிலில் மாட்டும் புழுவா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

ஒரே சம்பவம் சொல்கிறேன். 1974-ல் வங்கதேசத்தில் பெருவெள்ளம், அதைத் தொடர்ந்து பஞ்சம். அமெரிக்க உணவு தானியம் வந்தாக வேண்டிய நேரம். புதிதாகப் பிறந்த அந்த நாடு கியூபாவுக்குச் சணல் சாக்கு விற்றிருந்தது. கியூபாவோடு வியாபாரம் செய்யும் நாட்டுக்கு உணவு உதவி கிடையாது என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம். சாக்கு விற்பதை நிறுத்துகிறேன் என்று டாக்கா ஒப்புக்கொள்ளும்வரை தானியம் தாமதப்பட்டது. கப்பல்கள் வந்தபோது பசி முற்றிப்போயிருந்தது. அரசே ஒப்புக்கொண்ட சாவு ஏறத்தாழ 26,000. உண்மை எண்ணிக்கை அதைப்போலப் பல மடங்கு என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. பஞ்சத்துக்குப் பதுக்கலும் விலையேற்றமும் உள்நாட்டு நிர்வாகமும் காரணம்தான். ஆனால் நிறுத்தி வைத்த தானியத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

தடுப்பவர் எப்போதும் வெளியில்தான் இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். 2008 மே 2-ல் நர்கீஸ் புயல் மியான்மரின் ஐராவதி டெல்டாவை அழித்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 1,38,000 பேர். ராணுவ ஆட்சி வெளிநாட்டு மீட்பாளர்களுக்கு விசா கொடுக்காமல் இழுத்தடித்தது. அமெரிக்க, பிரெஞ்சு, பிரிட்டன் கப்பல்கள் கடலிலேயே நின்றன. மே 10 அன்று, பிணங்கள் வாய்க்காலில் மிதக்க, மற்றப் பகுதிகளில் அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடத்தினார்கள். தாய்லாந்து அனுப்பிய நிவாரணப் பெட்டிகள் மேல் தளபதிகளின் பெயரை ஒட்டிக் கொடுத்தார்கள். நம் கடற்படையின் ராணா, கிர்பான் கப்பல்கள் போர்ட் பிளேரிலிருந்து சீக்கிரமே யாங்கோன் போய்ச் சேர முடிந்தது. அந்த ஆட்சியோடு டெல்லி சுமுகமாக இருந்ததுதான் காரணம். அந்தச் சுமுகம் எனக்குப் பிடித்ததில்லை. சரக்கு போய்ச் சேர்ந்ததில் சந்தோஷம்.

அதனால்தான், கொடுப்பவர் மனசு சுத்தமா என்று தோண்டிப் பார்ப்பதில் எனக்கு அக்கறை குறைவு. என்ன வந்தது, எந்த நாளில் வந்தது, வாங்குகிறவரைக் கேட்டு அனுப்பினார்களா என்பதைத்தான் பார்ப்பேன்.

சுனாமிக்கு உலகமே காசை அள்ளிக் குடுத்தது எண்டு சொல்லுகினம். எங்கட வடக்கு கிழக்குக்கு வந்தது எங்கே, அம்மா?
– ஒரு வாசகர், வவுனியா

உலகம் கொடுத்தது உண்மை. ஆழிப்பேரலைக்குச் சேர்ந்த தொகை 1,300 கோடி டாலருக்கு மேல். பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் சராசரியாக 7,100 டாலர் என்று பின்னால் நடந்த கூட்டு மதிப்பீடு கணக்கிட்டது. அதே 2004-ல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்தது தலைக்கு 3 டாலர். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போன மேற்கத்தியப் பயணிகளும் இறந்தார்கள், அலையைக் கேமராக்கள் பிடித்தன, பணம் குவிந்தது. வங்கதேச வெள்ளத்தை யார் படம்பிடித்தார்கள்?

உங்கள் கேள்வியின் வேதனை வேறு. 2005 ஜனவரியில் இலங்கை வந்த ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் வடக்கே புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களைப் பார்க்க விரும்பினார். அரசு அனுமதிக்கவில்லை. நிவாரணத்தைப் பகிர்ந்து நடத்த ஒரு பொதுக்கட்டமைப்புக்கு அரசும் புலிகளும் ஜூன் 24 அன்று கையெழுத்திட்டார்கள். அதை எதிர்த்து, கூட்டணிக் கட்சியான ஜே.வி.பி. அதற்கு முன்பே அரசிலிருந்து விலகியிருந்தது. ஜூலை 15-ல் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதன் பிறகு அது நடைமுறைக்கே வரவில்லை. முல்லைத்தீவிலும் அம்பாறையிலும் வீடிழந்த தமிழரும் முஸ்லிம்களும் யார் கையெழுத்துச் செல்லும் என்று காத்திருக்க வைக்கப்பட்டார்கள். இதற்கு ஆறுதல் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை, தம்பி.

டிட்வா புயலில் இலங்கை மலையகம் சரிந்ததைப் பார்த்து எங்கள் மகளிர் குழுவில் துணி சேர்த்தோம். மூட்டைகள் இன்னும் வீட்டில் கிடக்கின்றன. எப்படி அனுப்புவது?
– குழுத் தலைவி ஒருவர், தேனி

அனுப்ப வேண்டாம், தங்கச்சி. உங்கள் மனசை நோகடிக்கச் சொல்லவில்லை, கேளுங்கள்.

நாகையில் நாங்கள் லாரியைத் திறந்தால் முதலில் சரிந்து விழுவது பழந்துணிதான். கம்பளிக் கோட்டு, கழுத்துப்பட்டை, ஜிகினா வைத்த பாவாடை, பொத்தான் போன சட்டை, ஒற்றைச் செருப்பு. பிரிக்க ஆள் கிடையாது, கொட்டி வைக்க இடம் கிடையாது. சாலையோரம் குவிந்தது, மழையில் நனைந்து நாறியது. வலையும் வள்ளமும் வைத்து நாலு பேருக்குச் சோறு போட்ட மீனவக் குடும்பங்கள் அவை. அடுத்தவர் உடுத்திக் கழித்ததை அவர்கள் தொடவில்லை. முகாமில் ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சேலை இருக்கும்மா, உள்பாவாடைதான் இல்ல. ராத்திரி ஒதுங்கப் போக ஒரு டார்ச் லைட் வேணும்" என்றார். எந்த லாரியிலும் அவை இல்லை. பக்கத்துக் கடைத்தெருவில் இருந்தன. கையில் பணம் இருந்தால் அன்று மாலையே வாங்கியிருக்கலாம்.

2025 நவம்பரில் டிட்வா அடித்தபோதும் இந்தியா உடனே 'சாகர் பந்து' என்று கப்பலிலும் விமானத்திலும் உணவும் மீட்புப் படையும் அனுப்பியது. அந்த வேலை முடிந்தது. பதுளை, நுவரெலியா, கண்டி மலைகளில் இப்போது இருக்கும் சிக்கல் துணி இல்லை. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளி பலருக்கும் சொந்தக் காணி, அதாவது நிலம், கிடையாது. வீடு சரிந்தால் எந்த இடத்தில் திரும்பக் கட்டுவது என்பதே அவர்கள் கேள்வி. அதைக் கொழும்பு தீர்க்க வேண்டும். உதவுகிற டெல்லியும் வற்புறுத்திக் கேட்க வேண்டும்.

நீங்கள் செய்யக் கூடியது இதுதான்: மூட்டையில் புதுத் துணி இருந்தால் உங்கள் ஊர் விடுதிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். குழுவில் முடிந்த பணத்தைச் சேர்த்து, மலையகத்தில் பல வருடமாக வேலை செய்யும் ஓர் அமைப்பைக் கண்டுபிடியுங்கள். முதலில் ஒரு கடிதம் போட்டு, அங்கே என்ன தேவை என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு பணம் அனுப்புங்கள்.