மாமாவுக்கு லைசென்ஸ் வேண்டாம், படகுக்கு வேண்டும்

கேள்வி: ஐயா, நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். என் மனைவியின் தாய்மாமா நாகப்பட்டினத்திலிருந்து மூன்று வாரம் தங்கிப் போக வருகிறார். கடற்கரையிலேயே வளர்ந்தவர். ஆற்றிலும் கடலிலும் ஒரு கை பார்க்க வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிட்டார். பெட்டியில் வீச்சு வலையும் வருகிறதாம். வெளிநாட்டுக்காரர் என்பதால் அவருக்கு மீன்பிடி லைசென்ஸ் எடுக்க வேண்டுமா? எங்கே எடுப்பது?

பதில்: தூண்டில் மட்டும் என்றால் மாமா பெயரில் எதுவும் எடுக்க வேண்டாம். ஜெட்டியிலோ கரையிலோ உட்கார்ந்து பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவரிடம், அவர் உள்ளூரோ வெளியூரோ, தீபகற்பத்தின் கடலோரத்தில் ஆள் லைசென்ஸ் கேட்பதில்லை. உரிமம் கொண்டுவரலாமா என்ற பேச்சு அவ்வப்போது அடிபடும். அதனால் மாமா வருவதற்கு முந்தைய வாரம் மாவட்ட மீன்வள அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நம் பக்கம் ‘பெஜாபாட் பெரிக்கானான்’ என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள்.

நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம், அதாவது சட்டம் 317, எதில் ஏறிப் பிடிக்கிறார், எதை வைத்துப் பிடிக்கிறார், எந்தத் தண்ணீரில் பிடிக்கிறார் என்றுதான் பார்க்கிறது. உங்கள் மாமா விஷயத்தில் இந்த மூன்றில் ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

முதலில் அந்த வலை. தூண்டிலைப் போல வலையைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது. வலை, பொறி, கடலில் நட்டுவைக்கும் கம்புக்கூடு எல்லாம் சட்டத்தின் கண்ணில் மீன்பிடி சாதனங்கள். அவற்றுக்கு லைசென்ஸ் என்ற பேச்சு வந்துவிடும். நம் ஊரில் ஜாலா, அதாவது வீச்சு வலை, வீசுகிற ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். ‘அவர் வீசுகிறாரே’ என்பது பதிலாகாது. அலுவலகத்தில் கேட்டு, வீசலாம் என்று சொன்ன இடத்தில் வீசட்டும். அதுவரை வலை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். பூபு நாகா என்று விற்கிறார்களே, பாம்பு மாதிரி நீளமாக விரியும் மடக்குக் கூண்டு, அதை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். குஞ்சு குளுவான் எல்லாவற்றையும் வாரி எடுத்துவிடும் என்று தடை செய்துவிட்டார்கள். பழைய தோட்டத்து ஆட்களுக்குத் தெரிந்த தூபா வேர் விஷம், பேட்டரியில் கரண்ட் வைப்பது, வெடி போடுவது எல்லாம் சுத்தமாகக் கூடாது. அதில் சுற்றுலாப் பயணி, உள்ளூர்க்காரர் என்ற பேதமே இல்லை.

அடுத்து தண்ணீர். இதில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நம் அரசியலமைப்பில் கடல் மீன்பிடியும் கழிமுக மீன்பிடியும் மத்திய அரசின் பட்டியலில் இருக்கின்றன. ஆற்று மீன்பிடியும் ஆமையும் மாநிலத்தின் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே பாகான் டத்தோ கடலோரத்தில் மாமா தூண்டில் போட்டால் ஒரு சட்டம். ஆற்றில் மேலே ஏறிப்போய் ஊடாங் காலா என்ற பெரிய ஆற்று இறாலுக்குப் போட்டால் மாநில விதி. உங்கள் ஊருக்கு இன்னொரு கூத்தும் உண்டு. பெர்ணம் ஆற்றின் இந்தக் கரை பேராக், அந்தக் கரை சிலாங்கூர். ஒரே ஆறு, ஒரே இறால், இரண்டு மாநிலம். படகில் குறுக்கே போய் எதிர்க்கரை நிழலில் நங்கூரம் போடுவதற்கு முன் அந்தப் பக்கத்து விதியையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கரையிலிருந்து தூண்டில் போட்டதற்காக யாரும் உங்களைத் துரத்தப் போவதில்லை என்பது என் அனுபவம். வலையோடு போனால் கதை வேறு.

தோட்டத்துப் பாரிட்டை, அதாவது வாய்க்காலை, மறந்துவிடக் கூடாது. விரால் இருக்கிறது, கெளுத்தி இருக்கிறது, வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. ஆனால் அது கம்பெனி நிலம். தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். வாட்ச்மேன் உங்களைத் தெரிந்தவராக இருப்பார், மாமாவைத் தெரியாது. களைக்கு மருந்து அடித்த வாரத்தில் அந்தத் தண்ணீர் மீனை வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம். இது சட்டம் இல்லை, என் புத்தி.

இனி படகு. என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதில்தான் போய் முடியும். மீன்பிடிப் படகின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் பதிவு எண் இருக்கும்: பேராக் படகென்றால் பிகேஎஃப், சிலாங்கூர் என்றால் எஸ்எல்எஃப் என்று தொடங்கும். அந்தப் படகுக்குக் கொடுத்திருக்கும் லைசென்ஸ் மீன் பிடிக்க. ஆள் ஏற்றிக் காசு வாங்க அல்ல. ‘பழக்கமான தெக்கோங்தான், ஆளுக்கு ஐம்பது வெள்ளி கொடுத்தால் போதும்’ என்று யாராவது சொல்வார்கள். தெக்கோங் என்றால் படகோட்டி. நானும் ஒரு தடவை அப்படி நம்பி ஏறினேன். கழிமுகம் தாண்டியதும் ரோந்துப் படகு வந்து பக்கத்தில் ஒட்டியது. தெக்கோங் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே ஈரத்தில் ஒட்டிப்போன காகிதம், அதில் ஆள் ஏற்றும் அனுமதி இல்லை. ஐஸ் பெட்டியில் ஒரு மீன்கூட விழாமல் திரும்பி வந்து, ஜெட்டியில் மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். அபராதம் அவருக்கு, வெயில் எங்களுக்கு.

ஆகவே மீன்பிடிப் பயணத்துக்கென்றே ஆள் ஏற்றும் உரிமம் வாங்கிய படகைப் பிடியுங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்பது உரிமத்தில் இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வேறு படகு பாருங்கள். தலைக்கு ஒரு மிதவைச் சட்டை எண்ணிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். செம்பிலான் தீவுகளுக்குப் போகும் திட்டம் இருந்தால், தீவில் இறங்க அனுமதி யார் எடுத்திருக்கிறார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மாமாவின் கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், அசல் கையில் இருக்க வேண்டும், தண்ணீர் புகாத பையில். வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டுப் படகேறுவதுதான் பலர் செய்யும் தப்பு. நமக்கு எதிரே சுமாத்ரா. மலாக்கா நீரிணையில் கள்ளத்தனமாக ஆள் இறக்குவதைத் தடுக்கக் கடல் போலீசும் கடல்சார் அமலாக்க நிறுவனமும் படகுகளைச் சோதிப்பது வழக்கம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடப்பிதழ்காரர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை தங்கலாம். அது சுற்றிப் பார்க்கவும் சொந்தங்களைப் பார்க்கவும் கொடுத்த அனுமதி. பிடித்த மீனைப் பசாரில் விற்பது, தெரிந்தவர் படகில் கூலிக்கு வலை இழுப்பது எல்லாம் வேலைக் கணக்கில் வரும். மாமா கைத்தேர்ந்தவர் என்று தெரிந்ததும் யாராவது கூப்பிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிடித்ததைச் சமைத்து அக்கம்பக்கம் கொடுப்பதில் தப்பில்லை.

சில உயிர்களைக் கண்டால் கையை எடுத்துவிட வேண்டும்: ஆமை, டால்ஃபின், கடற்பசு, புள்ளிச் சுறா. புள்ளிச் சுறா என்றால் படகு அளவுக்கு வளருமே, அம்மணி உழுவை என்று மாமா பக்கம் சொல்வார்கள். கொக்கியில் ஆமை மாட்டினால் நூலை முடிந்தவரை கிட்டத்தில் வெட்டி விட்டுவிடச் சொல்லுங்கள். அவரைத் தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான், பாயார் தீவு என்று கூட்டிக்கொண்டு போனால் தூண்டிலை வீட்டிலேயே வையுங்கள். அவை கடல் பூங்காக்கள். தாழ்நீர்க் கோட்டிலிருந்து 2 கடல் மைல், அதாவது சுமார் 3.7 கிலோமீட்டர் வரை அனுமதியில்லாமல் மீன் பிடிக்கக் கூடாது. பங்கோர் அந்தப் பட்டியலில் இல்லை, அங்கே தூண்டில் போடலாம்.

நேரம் பார்த்து அனுப்புங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமாத்ரா பக்கமிருந்து வரிசையாகப் புயல்காற்று அடிக்கும். நாகப்பட்டினத்தில் வானம் பார்த்துப் பழகியவருக்கு இந்தக் காற்றின் குணம் புதுசு. வானிலைத் துறையின் கடல் எச்சரிக்கையை முதல் நாள் இரவே பார்த்துவிடுங்கள். அவசரம் என்றால் 999.

அப்புறம், செம்பிலாங். மாமா இருங்கெளுத்தி என்பார். சேற்றுக் கழிமுகத்தில் மற்ற மீனுக்கு முன்னால் அதுதான் மாட்டும். கொக்கியைக் கையால் கழற்றாமல் இடுக்கியால் கழற்றச் சொல்லுங்கள். முள் குத்திவிட்டால், தோல் தாங்கும் அளவு சூடான தண்ணீரில் கையை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் முக்கி வைத்தால் கடுப்பு இறங்கும். வீக்கம் ஏறினால் கிளினிக். கோப்பி பிளாஸ்க்கோடு வெறும் சுடுதண்ணீர் பிளாஸ்க் ஒன்றும் கொடுத்தனுப்புங்கள்.