சிரட்டையைக் கவிழ்ப்பது யார்? சுகாதாரத் தகவல் தொடர்புப் பணி பற்றிய கேள்வி பதில்

குமரி மாவட்டத்தில் பதினைந்து ஆண்டுகளாக இந்தப் பணியில் இருக்கிறேன். என்னிடம் வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

அக்கா, நான் பி.ஏ. தமிழ் படிக்கிறேன். மருத்துவம், நர்சிங் படிக்காமல் இந்த வேலைக்கு வர முடியுமா? (மாணவி, மார்த்தாண்டம்)

தாராளமாக வரலாம். சமூகப்பணி, சமூகவியல், இதழியல் படித்தவர்கள் இதில் நிறையப் பேர். மருத்துவர் சொல்வதைப் பாட்டிக்குப் புரியும் சொல்லில் சொல்ல, தமிழ் படித்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்படிப்புக்குத் திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையம் இருக்கிறது. 1997 முதல் பொதுச் சுகாதார முதுகலை நடத்துகிறார்கள். காந்திகிராமத்தில் சுகாதாரக் கல்விப் பட்டயம் உண்டு. மருத்துவம் சாராதவர்களிடம் சில இடங்களில் முதுகலைப் பட்டம் கேட்பார்கள். தகுதி விதியை முதலில் படித்துவிடுங்கள்.

போஸ்டர் அடிப்பதும் ஊர்வலம் விடுவதும்தானே உங்கள் வேலை? (ஆசிரியர், குலசேகரம்)

நானும் அப்படி நினைத்துத்தான் வந்தேன், சார். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்ட எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு வளரும் என்று உங்கள் வகுப்புப் பிள்ளைகளே சொல்வார்கள். ஆனாலும் மழைக்குப் பால் வெட்டு நின்ற ரப்பர் தோட்டத்தில், மரத்துக்கு மரம் பால் பிடிக்கும் சிரட்டையில் தண்ணீர் நிற்கிறது.

ஒருமுறை நோட்டீஸ் கொடுத்தோம். ஒரு சிரட்டைகூடக் கவிழவில்லை. பிறகு பால் வெட்டும் அண்ணன் ஒருவரோடு விடியற்காலையில் தோட்டத்துக்குப் போனேன். "எனக்கு மரக்கணக்கில்தான் கூலி. வெட்டில்லாத நாளில் வந்து முந்நூறு சிரட்டையை யார் கவிழ்ப்பார்?" என்றார். உரிமையாளரோ அதெல்லாம் நடந்துகொண்டிருக்கிறது என்றே நம்பியிருந்தார். இருவரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்தோம். வெட்டு நிறுத்தும் நாளிலேயே கவிழ்த்துவிடுவது, அதற்கு அரைநாள் கூலி என்று முடிவானது. அடுத்த மழையில் போய்ப் பார்த்தேன். கம்பி வளையங்களில் சிரட்டைகள் குப்புற இருந்தன.

உளவியலாளர் சூசன் மிச்சியும் சக ஆய்வாளர்களும் 2011இல் ஒரு சட்டகம் தந்தார்கள்: நடத்தை மாறத் திறன், வாய்ப்பு, ஊக்கம் மூன்றும் வேண்டும். அந்த அண்ணனிடம் திறன் இருந்தது, வாய்ப்புத்தான் இல்லை. அதை நோட்டீஸ் கொடுக்காது.

வாட்ஸ்அப்பில் வரும் தடுப்பூசி வதந்திக்கு எப்படிப் பதில் சொல்வது? (அங்கன்வாடிப் பணியாளர், தக்கலை)

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாமின்போது வதந்தி தமிழ்நாடு முழுவதும் பரவியது நினைவிருக்கும். வதந்தியை நீங்கள் திருப்பிச் சொல்லாதீர்கள், உண்மையிலிருந்து தொடங்குங்கள். தயங்கும் தாயிடம் "எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். பெரும்பாலும் ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல்தான் பயமாக இருக்கும். அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது.

மகள் இந்தத் துறைக்குப் போக ஆசைப்படுகிறாள். நிலையான வேலையா? (தந்தை, நாகர்கோவில்)

பெரும்பாலும் ஒப்பந்த வேலை. திட்டம் முடிந்தால் வேறு திட்டம் தேட வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு வரட்டும்.

கணவர் பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போகிறார். கடலில் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிடுகிறது. இதிலும் உங்களுக்கு வேலை உண்டா? (தூத்தூர்)

இதுதான் எங்கள் வேலையே, அம்மா. 'மாத்திரையை நிறுத்தாதீர்கள்' என்று அவருக்கு அறிவுரை சொல்வதில் பயனில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. ஆனால் கடலில் இருக்கும் நாட்கள் கொடுத்த மாத்திரையைவிட அதிகமாகிவிடுகின்றன. போட் புறப்படும் தேதியையும், திரும்ப எத்தனை நாளாகும் என்பதையும் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லி, அதற்கேற்ற அளவு மாத்திரை கேளுங்கள். உங்கள் ஊரில் இன்னும் எத்தனை பேருக்கு இதே சிரமம் என்று விசாரித்துச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலோடு நானும் சுகாதார நிலையத்துக்கு வருகிறேன்.